விளக்கிச் சொல், திரையை இழு



நர்சிங் படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் அவளுடைய செய்முறைப் பதிவேட்டை வாங்கிக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். படுக்கை விரிப்பது, உடம்பு துடைத்துவிடுவது, ஊசி போடுவது, மூக்கு வழியாகக் குழாய் இறக்குவது என்று ஒவ்வொரு வேலைக்கும் படிப்படியாக எழுதியிருக்கும். எந்தப் பக்கத்தை எடுத்தாலும் தொடக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். செய்யப்போவதை நோயாளியிடம் விளக்கிச் சொல்ல வேண்டும். திரையை இழுத்து மறைப்புக் கொடுக்க வேண்டும். செய்முறைத் தேர்வன்று வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் மாணவி இதை வாய்விட்டுச் சொல்வாள். "அம்மா, இப்போ உங்களுக்கு பி.பி. பார்க்கப் போறேன், கையை நீட்டிக்கோங்க." அதற்கு மதிப்பெண் உண்டு, சொல்லாவிட்டால் குறையும்.

அதே பெண் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆன பிறகு எந்த வார்டிலாவது போய்ப் பாருங்கள். பி.பி. சரியாகத்தான் பார்க்கிறாள். ஊசி பதமாகத்தான் இறங்குகிறது. ஆனால் கை மட்டும் வருகிறது, குரல் வருவதில்லை. திரை ஓரமாகச் சுருண்டு கிடக்கிறது. தேர்வில் மதிப்பெண் வாங்கித்தந்த அந்த முதல் இரண்டு வரிகள் எங்கே போயின?

மே மாதம் செவிலியர்களின் மாதம் என்பதால் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். செவிலியருக்குக் கருணையைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டால், "அது பிறவியிலேயே இருக்கணும் சார்" என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. படிக்க வரும் பிள்ளைகளில் பெரும்பாலோரிடம் அது இருக்கத்தான் செய்கிறது. வார்டில் அது தேய்கிறது. ஆகவே பாடத்தை மாணவிக்கு நடத்தினால் மட்டும் போதாது, வார்டுக்கும் நடத்த வேண்டும் என்பதே என் கட்சி.

மே 12 ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள். பிறந்த ஆண்டு 1820. அன்று நம் கல்லூரிகளில் விளக்கேற்றி உறுதிமொழி எடுப்பார்கள். அந்த உறுதிமொழி நைட்டிங்கேல் எழுதியதன்று. 1893-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையில் ஒரு குழு எழுதி, மரியாதைக்காக நைட்டிங்கேலின் பெயரைச் சூட்டியது. விளக்கேந்திய அந்த உருவம் நம் மனதில் அவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டதில் அவர் எழுதியதைப் படிப்பவர்கள் குறைந்துபோனார்கள். 1859-ல் அவர் எழுதிய 'நோட்ஸ் ஆன் நர்சிங்' சின்னப் புத்தகம். வீட்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் சாதாரணப் பெண்களை மனதில் வைத்து எழுதியது. காற்று, வெளிச்சம், சுத்தம் பற்றியெல்லாம் அதில் நிறைய உண்டு. என்னை நிறுத்திவைத்த பகுதி வேறு. நோயாளியிடம் பேசும்போது அவர் பார்வைக்கு நேரே உட்காருங்கள், உங்களைப் பார்க்க அவர் தலையைத் திருப்பும்படி வைக்காதீர்கள் என்கிறார். பின்னாலிருந்தோ வாசலில் நின்றோ பேசாதீர்கள் என்கிறார். அறைக்கு வெளியே கிசுகிசுப்பதை அவரால் பொறுக்கவே முடியவில்லை. உள்ளே படுத்திருப்பவர் தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று காதைத் தீட்டிக்கொண்டு தவிப்பாராம். 'எல்லாம் சரியாப் போயிடும்' என்ற வெற்று ஆறுதலுக்கு எதிராகவே தனி அத்தியாயம் ஒன்று வைத்திருக்கிறார்.

கருணை என்ற பெரிய சங்கதியை நாற்காலியை எங்கே போடுவது என்ற அளவுக்கு அவர் இறக்கிக்கொண்டு வந்துவிட்டார் பாருங்கள், அதுதான் ஆசிரியரின் திறமை. நாற்காலி விஷயத்தில் அவர் சொன்னது வீண் உபதேசமும் இல்லை. 2012-ல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்தது. ஒரு நரம்பியல் அறுவை மருத்துவர் சில நோயாளிகளிடம் நின்றுகொண்டு பேசினார், சிலரிடம் உட்கார்ந்து பேசினார். இரண்டுக்கும் சராசரியாக ஒன்றரை நிமிடத்துக்குள்தான் ஆனது. ஆனால் உட்கார்ந்து பேசியபோது அவர் ஐந்து நிமிடத்துக்கு மேல் தங்களோடு இருந்ததாக நோயாளிகள் சொன்னார்கள். நேரம் கூடவில்லை, நாற்காலிதான் கூடியது. நம் ஊர் வார்டுகளில் உட்கார ஸ்டூல் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கும் ஒன்றில் நோயாளியின் மைத்துனர் உட்கார்ந்திருப்பார். அதுவும் உண்மைதான்.

என் சித்தப்பா பக்கவாதம் வந்து ஒரு பெரிய மருத்துவமனையில் கிடந்தபோது, அந்த வார்டில் அவர் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. "பதினாலுக்கு ட்ரிப்ஸ் முடிஞ்சிருச்சு." "பதினாலு மோஷன் போச்சா?" அவருக்குப் பேச்சு குழறியதே தவிர காது நன்றாகக் கேட்டது. நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மனிதர். ஒரு நாள் பயிற்சிக்கு வந்திருந்த மாணவி ஒருத்தி, "தாத்தா, திரும்பிப் படுக்கலாமா? முதுகு துடைச்சுப் பவுடர் போடணும். என் கை சில்லுன்னு இருக்கும், பயந்துக்காதீங்க" என்றாள். பக்கவாதம் விழாத பக்கத்துக் கையைத் தூக்கி அவள் தலையில் வைத்தார். அருகே நின்ற ஸ்டாஃப் நர்ஸ், "ஒரு பெட்டுக்கே இவ்ளோ நேரமா? இன்னும் பன்னெண்டு பெட் இருக்கு" என்றார். அவர் கொடுமைக்காரர் இல்லை. பன்னிரண்டு பெட் இருந்தது உண்மை. அந்த மாணவி அன்று எதைக் கற்றுக்கொண்டிருப்பாள் என்று மட்டும் எனக்கு அப்போதே தோன்றியது.

நோயாளியைப் படுக்கை எண்ணாக ஆக்கும் இந்தப் பழக்கம் நம் ஊர்ச் சரக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இஸபெல் மென்ஸீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் லண்டனின் பெரிய மருத்துவமனை ஒன்றில் செவிலியர் பணியை ஆராய்ந்து 1960 வாக்கில் வெளியிட்ட கட்டுரையைப் படித்த பிறகு அந்த எண்ணம் போயிற்று. அங்கேயும் செவிலியர்கள் நோயாளியைப் பெயரால் குறிக்காமல் 'பத்தாம் படுக்கைக் கல்லீரல்' என்கிறார்கள். ஒரு மாணவி ஒரு நோயாளியை முழுதாகப் பார்த்துக்கொள்வதில்லை. முப்பது பேருக்கும் ஒருத்தி காய்ச்சல் பார்ப்பாள், இன்னொருத்தி முப்பது பேருக்கும் மருந்து கொடுப்பாள். கொஞ்ச காலம் ஒரே இடத்தில் நின்று பழகிவிட்டால் வேறு வார்டுக்கு மாற்றிவிடுவார்கள்.

ஏன் இப்படி என்ற கேள்விக்கு மென்ஸீஸ் தந்த விடை நிர்வாகச் சௌகரியம் என்பதோடு நிற்கவில்லை. வலி, சாவு, நாற்றம், அந்நிய உடம்பு, அழும் உறவுகள் என்று இத்தனையையும் பதினெட்டு வயதுப் பெண்ணால் நாள் முழுவதும் தாங்க முடியாது. அந்தப் பதற்றத்திலிருந்து தப்பிக்க மருத்துவமனையே ஓர் ஏற்பாட்டைச் செய்துகொள்கிறது. நோயாளியைத் துண்டு துண்டாக்கிப் பங்கிட்டுக்கொண்டால் யாருக்கும் யாரோடும் ஒட்டுதல் வராது; ஒட்டாவிட்டால் பிரியும்போது வலிக்காது. ஆனால் பதற்றம் தணியவும் இல்லை, வேலையில் நிறைவும் இல்லை என்பதே அவர் கண்டது. பயிற்சிக்குச் சேர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பாதியில் விலகினார்கள். அப்படி விலகியவர்களில் நல்ல மாணவிகளே கணிசமாக இருந்தார்கள் என்பது இன்னும் சங்கடமானது.

அறுபது வருடத்துக்கும் முந்தைய கட்டுரை இது. 'பதினாலு' என்று கூப்பிடும் குரலுக்கு அடியில் ஒரு பயம் இருக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

வகுப்பில் சொல்வது வார்டில் தேய்கிறது என்பதற்கு அளந்து பார்த்த சான்றும் உண்டு. பிலடெல்பியாவில் முகமதுரேஸா ஹோஜத் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் மருத்துவ மாணவர்களிடம் பிறர் துயரை உணரும் தன்மை எப்படி மாறுகிறது என்று வருடாவருடம் அளந்தார்கள். முதல் இரண்டு வருடம் பெரிதாக மாற்றமில்லை. மூன்றாம் வருடத்தில், அதாவது நோயாளிகளோடு பழக வேண்டிய வருடத்தில், அது சரிகிறது. பிறகு நர்சிங் மாணவிகளிடமும் அதே போன்ற ஆய்வு நடந்து 2012-ல் வெளியானது. அங்கும் வார்டு அனுபவம் அதிகமாகக் கிடைத்தவர்களிடம்தான் சரிவு தெரிந்தது. நோயாளியைப் பார்க்கப் பார்க்க இரக்கம் ஊறும் என்றுதானே நாம் நினைப்போம்? கணக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது.

இன்னொரு பழைய பரிசோதனையும் நினைவுக்கு வருகிறது. 1973-ல் வெளியானது. பிரின்ஸ்டனில் பாதிரியார் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ப் பேசச் சொன்னார்கள், ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள். சிலருக்குப் பேச்சின் பொருளே பைபிளில் வரும் நல்ல சமாரியன் கதை, அடிபட்டுக் கிடந்தவனை நின்று தூக்கியவன் கதை. போகிற வழியில் ஒருவர் சுருண்டு உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பார். 'நேரமாயிற்று, ஓடுங்கள்' என்று அனுப்பப்பட்டவர்களில் பத்தில் ஒருவர்தான் நின்றார். அவசரம் இல்லாதவர்களில் பத்தில் ஆறு பேர். சமாரியன் கதையை மனதில் சுமந்துகொண்டு போனதால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் ஏதும் ஏற்படவில்லை. சில மாணவர்கள் அவரைத் தாண்டிக் குதித்தே போனார்களாம். நம் வார்டுகளில் சுவரெங்கும் ஒட்டியிருக்கும் 'சேவையே கடவுள்' வாசகங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பரிசோதனை ஞாபகம் வரும்.

இங்கிலாந்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்டாஃபோர்ட் என்ற ஊரின் மருத்துவமனையில் 2005-க்கும் 2009-க்கும் இடையே நோயாளிகள் பட்ட பாடு பெரிய விவகாரமானது. உணவைக் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். நனைந்த விரிப்பிலேயே முதியவர்களை விட்டுவைத்தார்கள். தாகத்துக்குப் பூச்சாடித் தண்ணீரைக் குடித்தவர்கள் இருந்தார்கள். தாயை இழந்த ஒரு மகள் தொடங்கிய போராட்டம்தான் விசாரணை வரை கொண்டுபோனது. வழக்கறிஞர் ராபர்ட் ஃபிரான்சிஸ் 2013 பிப்ரவரியில் தந்த அறிக்கையில் 290 பரிந்துரைகள். செலவைக் குறைத்து, ஆளைக் குறைத்து, கணக்கில் நல்ல பெயர் வாங்க நிர்வாகம் ஓடிய ஓட்டத்தில் வார்டு கைவிடப்பட்டது என்பது அதில் தெளிவாக இருக்கிறது.

அதற்கு வந்த எதிர்வினைகளில் ஒன்று: நர்சிங் பட்டப்படிப்பில் சேர விரும்புகிறவர்கள் முதலில் ஒரு வருடம் வரை உதவியாளராக வேலை செய்து கருணையைக் காட்ட வேண்டும் என்ற யோசனை. பரீட்சார்த்தமாகத் தொடங்கவும் செய்தார்கள். எனக்கு இது நோய் ஒன்று, மருந்து ஒன்று என்றுதான் படுகிறது. ஆள் பற்றாத வார்டில் பள்ளி முடித்த பிள்ளையை ஒரு வருடம் விட்டால் அவள் முதலில் கற்றுக்கொள்வது எப்படித் தாண்டிப் போவது என்பதைத்தான்.

ஸ்காட்லாந்தில் எடுத்துக்கொண்ட வழி எனக்குப் பிடித்தது. எடின்பரோ நேப்பியர் பல்கலைக்கழகமும் அங்குள்ள அரசு மருத்துவச் சேவையும் சேர்ந்து 2007-ல் ஒரு திட்டம் தொடங்கின. எங்கே கெட்டுப்போயிருக்கிறது என்று தேடாமல், எந்த வார்டில் ஏற்கெனவே பரிவோடு நடக்கிறது என்று கண்டுபிடித்து அதற்குக் 'கலங்கரை வார்டு' என்று பெயர் வைத்தார்கள். அங்கே என்ன செய்கிறார்கள் என்று கூர்ந்து பார்த்து, அதையே பாடமாக்கினார்கள். நோயாளியிடம் 'எங்கள் சேவை எப்படி, ஐந்துக்கு எத்தனை மதிப்பெண்' என்று கேட்பதில்லை. மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த நேரம், சாப்பாட்டு நேரம், உறவினர் வந்துபோகும் நேரம் என்று எழுதிய அட்டைகளைப் பரப்புவார்கள். உணர்ச்சிகளின் பெயர்கள் எழுதிய அட்டைகளும் இருக்கும். நோயாளி ஒரு நேரத்தையும் ஓர் உணர்ச்சியையும் எடுத்து, 'அப்போது எனக்கு இப்படி இருந்தது' என்று சொல்வார். அதை வார்டுக்காரர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். திட்டும் இல்லை, பாராட்டு விழாவும் இல்லை. ஒரு செவிலியருக்குத் தன் வேலை மறுபக்கத்தில் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது தெரிகிறது, அவ்வளவுதான். நம் ஊரில் டிஸ்சார்ஜ் அன்று பில் கட்டும் அவசரத்தில் நீட்டப்படும் கருத்துப் படிவத்தை இதோடு ஒப்பிட மனம் வரவில்லை.

கென்னத் ஷ்வார்ட்ஸ் கதையையும் சொல்லாமல் இருக்க முடியாது. பாஸ்டன் நகரத்து வழக்கறிஞர், மருத்துவமனைச் சட்டங்கள்தான் அவருடைய தொழில். புகை பிடிக்காத அவருக்கு நாற்பது வயதில் நுரையீரல் புற்றுநோய். அறுவைக்கு முந்தைய நாள் விவரம் கேட்க வந்த செவிலியர் முதலில் கறாராக, அவசர அவசரமாகத்தான் கேட்டார். தனக்கு என்ன நோய் என்று ஷ்வார்ட்ஸ் சொன்னதும் அவர் குரல் இளகியது. கையைப் பற்றிக்கொண்டார். இரண்டு வயது மகன் பென் பற்றிப் பேச்சு வந்தது. தன் உறவுப் பிள்ளை ஒருவனுக்கும் அதே பெயர் என்றார் அவர். கண்ணைத் துடைத்துக்கொண்டே, அறுவைப் பிரிவு என் வேலை இடம் இல்லை, ஆனாலும் நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்றார். மறுநாள் சொன்னபடி வந்து கையைப் பிடித்து வாழ்த்திவிட்டுப் போனார். இதை ஷ்வார்ட்ஸ் 1995 ஜூலையில் பாஸ்டன் குளோப் இதழில் எழுதினார். செப்டம்பரில் இறந்துபோனார்.

அவர் விருப்பப்படி அமைந்த ஷ்வார்ட்ஸ் மையம் செய்த முக்கியமான காரியம் ஒன்றுண்டு. நோயாளியிடம் கருணையாக இருங்கள் என்று செவிலியருக்கு வகுப்பு எடுக்கவில்லை. மருத்துவர், செவிலியர், உதவியாளர் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, ஒரு நோயாளியைப் பார்த்துக்கொண்டபோது தங்களுக்கு மனதில் என்ன நடந்தது என்று பேசும் கூட்டத்தை மாதந்தோறும் நடத்தச் செய்தது. நோய் பற்றிய விவாதம் அங்கே கிடையாது. இன்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நூற்றுக்கணக்கான இடங்களில் இந்தக் கூட்டங்கள் நடக்கின்றன.

நம் வார்டை நினைத்துப் பாருங்கள். இரவு இரண்டு மணிக்கு ஒரு குழந்தை இறக்கிறது. தாயின் அலறல். செவிலியர் குழாய்களைக் கழற்றி, உடம்பைத் துடைத்து, துணி சுற்றி, பெயர்ச் சீட்டுக் கட்டி, கேஸ் ஷீட்டை முடித்து அனுப்புகிறார். காலை ஏழரைக்கு ஹேண்ட் ஓவர். "பெட் நாலு எக்ஸ்பயர்டு, பெட் அஞ்சுக்கு ஆன்டிபயாடிக் எட்டு மணிக்கு." வீட்டுக்குப் பஸ் ஏறி, போய்த் தன் பிள்ளைக்கு டிபன் கட்டுகிறார். 'உனக்கு எப்படி இருந்தது' என்று அவரிடம் கேட்க நம் ஏற்பாட்டில் எங்காவது ஆள் உண்டா? அழுதால் "இதுக்கெல்லாம் அழுதா எப்படி நர்ஸா இருப்ப" என்பார்கள். சில வருடத்தில் அழுகை நிற்கும். அதோடு வேறு ஏதோ ஒன்றும் நின்றுவிடும். மென்ஸீஸ் சொன்னது இதைத்தான்.

தமிழ்நாட்டுக்கு இந்தத் துறையில் நீண்ட வரலாறு உண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-லேயே செவிலியர் பயிற்சி தொடங்கிவிட்டது. ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவம் தொடங்கினார். 1909-ல் செவிலியர் பள்ளி ஆரம்பித்தார். மருத்துவப் பள்ளி வந்ததே 1918-ல்தான். செவிலியர் முதலில், மருத்துவர் அப்புறம் என்ற அந்த வரிசை எனக்கு அர்த்தமுள்ளதாகப் படுகிறது. 1946-ல் இந்தியாவில் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியபோது தில்லியிலும் வேலூரிலும்தான் தொடங்கியது. வேலூரின் சி.எம்.சி.யில் ஒரு வழக்கம் உண்டு: கல்லூரியில் பாடம் நடத்துகிறவரே வார்டிலும் பொறுப்பில் இருப்பார். வகுப்பில் 'விளக்கிச் சொல், திரையை இழு' என்பவர் வார்டில் அதைச் செய்வதை மாணவி பார்க்கிறாள். பார்த்ததுதான் கையில் ஒட்டும். சமையல் குறிப்பைப் படித்து யாருக்கும் கைப்பக்குவம் வந்ததில்லையே, அதுபோல.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. சொந்த மருத்துவமனை இல்லாத கல்லூரிகள் நிறைய. மாணவிகளைக் காலையில் கல்லூரி பஸ்ஸில் ஏற்றி மாவட்ட அரசு மருத்துவமனைக்குப் போஸ்டிங் அனுப்புவார்கள். ஒரு வார்டில் மூன்று கல்லூரிச் சீருடைகள் முட்டிக்கொண்டு நிற்கும். கூட வந்த டியூட்டர் வராந்தாவில் வருகை எடுப்பார். வார்டு ஊழியர்களுக்கு அவரும் விருந்தாளி, மாணவிகளும் விருந்தாளிகள். பதிவேட்டை நிரப்ப எத்தனை ஊசி, எத்தனை பிரசவம் என்ற எண்ணிக்கை வேண்டும். எத்தனை பேரிடம் உட்கார்ந்து பேசினாய் என்ற கட்டம் அதில் கிடையாது. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் பட்டப்படிப்பைப் பருவ முறைக்கு மாற்றியபோது தகவல் தொடர்பு, தொழில் நெறி, நோயாளியோடு பேசும் முறை எல்லாவற்றையும் பாடத்தில் வைத்திருக்கிறது. நல்லதுதான். அந்தப் பாடத்தை நடத்துகிறவர் கடைசியாக எப்போது ஒரு நோயாளிக்கு முதுகு துடைத்துவிட்டார் என்பதும் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

"இப்போ வர்ற பிள்ளைங்க சேவைக்கா வருது? வெளிநாட்டு வேலைக்கு வருது" என்ற புலம்பலையும் கேட்கிறேன். வரட்டுமே. கல்விக்கடன் வாங்கிப் படிக்கும் பெண், குவைத்துக்கோ அயர்லாந்துக்கோ போய் வீட்டுக் கடனை அடைக்க நினைப்பது குற்றமா? சம்பளம் கேட்பவரிடம் இரக்கம் இருக்காது என்று பொறியாளரையோ மருத்துவரையோ பற்றி யாரும் சொல்வதில்லை. செவிலியருக்கு மட்டும் தியாகம் கட்டாயப் பாடம். தொகுப்பூதியத்தில் வருடக்கணக்காக வேலை செய்துவிட்டுப் பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்த செவிலியர்களை நாம் பார்த்திருக்கிறோம். கொரோனாவில் அவர்களுக்காகத் தட்டு தட்டியதும் நாம்தான்.

ஆள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கற்பிக்கும் மருத்துவமனைகளின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர், இதற்கு மேல் விடுப்புக்காக 30 சதவீதம் கூடுதல் என்று நர்சிங் கவுன்சில் நெறிமுறை சொல்கிறது. இரவு டூட்டியில் ஒரு பெரிய வார்டுக்குள் நுழைந்து நீங்களே எண்ணிப் பாருங்கள். லிண்டா எய்கன் என்ற செவிலியர் ஆய்வாளர் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-ல் சொன்னார்: ஒரு செவிலியரிடம் கூடுதலாக ஒவ்வொரு நோயாளி சேரும்போதும், அறுவை நோயாளிகள் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் ஏறுகிறது. உயிரே இப்படி ஊசலாடும்போது 'ஏன் சிரிக்கவில்லை' என்று கேட்க நமக்கு முகம் வேண்டும்.

அதற்காகச் சின்ன விஷயங்களைத் தள்ளிப்போடவும் வேண்டாம். இங்கிலாந்தில் முதியோர் மருத்துவராக இருந்த கேட் கிரேஞ்சர், தானே புற்றுநோயாளியாகி 2013-ல் மருத்துவமனையில் படுத்திருந்தபோது ஒன்றைக் கவனித்தார். வருகிறவர்களில் பலர் தங்கள் பெயரைச் சொல்லிக்கொள்வதே இல்லை. 'வணக்கம், என் பெயர் இன்னது' என்று தொடங்குங்கள் என்று அவரும் கணவரும் ஆரம்பித்த இயக்கம் பல நாடுகளுக்குப் பரவியது. 2016-ல் அவர் இறந்தார். பெயர் சொல்ல மூன்று விநாடி போதும். அதற்குக் கூடுதல் பணியிடம் தேவையில்லை. நம் பக்கத்திலும் ஒன்று செய்யலாம். 'ஏம்மா நர்சு' என்று வார்டின் இந்தக் கோடியிலிருந்து கத்தாமல், சட்டையில் இருக்கும் பெயரைப் படித்து 'சிஸ்டர்' சேர்த்துக் கூப்பிடலாம். ஆண் செவிலியர்களும் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களை வார்டு பாய் என்று நினைத்து வீல்சேர் கொண்டுவரச் சொல்லாமல் இருந்தாலே அவர்கள் மகிழ்வார்கள்.

எடின்பரோக்காரர்களின் அந்த அட்டை விளையாட்டை நாமும் கொஞ்சம் ஆடிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். மருத்துவமனையில் படுத்திருந்த அல்லது கூட இருந்த அனுபவத்தில் ஒரே ஒரு நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: சேர்த்த நேரம், முதல் இரவு, சாப்பாடு வந்த நேரம், ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போன நேரம், எது வேண்டுமானாலும். அப்போது ஒரு செவிலியர் என்ன செய்தார், என்ன சொன்னார், உங்களுக்கு எப்படி இருந்தது என்று ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். நல்லதும் எழுதலாம், கசந்ததும் எழுதலாம். மருத்துவமனையின் பெயரும் ஆளின் பெயரும் வேண்டாம். செவிலியர்களாக இருக்கும் வாசகர்கள் மறுபக்கத்திலிருந்து எழுதுங்கள். இரவு டூட்டி முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து நினைத்தது எதுவானாலும் சரி. வருவதைத் தொகுத்து ஜூலை இதழில் வெளியிட்டு, நர்சிங் கல்லூரி ஆசிரியர்கள் சிலரிடமும் படிக்கக் கொடுக்கப்போகிறோம். ஜூன் 10-க்குள் கிடைக்கும்படி அனுப்புங்கள். கையெழுத்து எப்படியிருந்தாலும் கவலை வேண்டாம். மருந்துச் சீட்டைப் படித்துப் பழகியவர்கள்தான் நாங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்